தரை தொடாத எலுமிச்சை

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் வந்ததே கிடையாது. கல்யாணத்துக்கு அழைக்கும்போது நம்மை மறந்துபோகிற உறவுக்காரர்கள், மலைக்குப் போக வேண்டும் என்று வந்துவிட்டால் மட்டும் நம் விலாசத்தைக் கதவு எண்ணோடு ஞாபகம் வைத்திருப்பார்கள். மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். மலையேறுவார்கள். மொட்டைத் தலையோடு திரும்பி வந்து வெந்நீர் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு, நம் வீட்டுக் கூஜாவில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு ரயிலுக்குப் போவார்கள். அவர்கள் போன பிறகு முற்றத்தில் மிஞ்சிக் கிடப்பது என் பங்கு: கொட்டாங்குச்சி, வாழைப்பழத் தோல், பிழிந்த எலுமிச்சை மூடி, பிரசாதம் வந்த தொன்னை, கயிறு, தகர டப்பா. என் தோட்டம் முழுவதும் அந்தப் பங்கில்தான் நடந்தது.

தோட்டம் என்றதும் கிணற்றடி, பாத்தி, வேலி என்று யாரும் கற்பனையை ஓட்ட வேண்டாம். அந்தத் தோட்டத்தில் ஒரு செடி கூடத் தரையில் நிற்கவில்லை. எல்லாம் சட்டியிலும் டப்பாவிலும் சிரட்டையிலும் நின்றன. தரையில் எதையும் நடுவதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன். சபதத்துக்குக் காரணம் ஒரு புடலங்காயும் ஒரு முருங்கையும்.

என் கணவர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் ஏர் பிடிக்க வேறு ஆளிருந்ததால் இவரைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். கல்யாணமானதும் சித்தூரில் குடித்தனம் வைத்தோம். கொல்லையில் பந்தல் போட்டுப் புடலை ஏற்றினேன். பிஞ்சு வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிட்ட வாரத்தில் சந்திரகிரிக்கு மாற்றல் வந்தது. கல் கட்டியவள் நான், கூட்டு வைத்துச் சாப்பிட்டது அடுத்து குடிவந்தவர்கள். சந்திரகிரியில் முருங்கைப் போத்து ஊன்றி, வெயிலில் காயாமல் அதன் தலையில் சாணி உருண்டை அப்பி, பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்தேன். முதல் பூ பூத்த மாதம் திருப்பதிக்கு மாற்றல். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூவையெல்லாம் உருவிப் பொரியல் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

அந்தச் சமயம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் அரைமணி நேரம் போனால் எங்கள் ஊர். நைனா இறந்த பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். இரண்டு மாடு, ஒரு கிணறு, பெரிய கொல்லை. நான் ஒரே பெண். எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டால் மாட்டைக் காரணம் சொல்வாள், மாட்டை விற்றுவிடலாம் என்றால் கிணற்றைக் காரணம் சொல்வாள். கிணற்றை என்ன செய்ய முடியும்? அந்தக் கொல்லையில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

"இனிமே தரையில செடி வெச்சா இந்தக் கொல்லையில தான் வெப்பேன். அது வரிக்கும் எங்கயும் ஊணமாட்டேன்."

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்டியா?" என்றாள் அம்மா. "ஆபீசு மாத்தினா செடி இன்னா பண்ணும்?"

ஆனால் நான் அந்தக் கொல்லைக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்ற ஆசையை அவள் மனசிலும் போட்டுவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. திருத்தணி எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஊரில் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். திருப்பதி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று டீக்கடையில் தொண்டை வற்றப் பேசினார்கள். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. திருத்தணி சென்னையோடு சேர்ந்தால் அங்கே தமிழ் எழுதத் தெரிந்த குமாஸ்தா வேண்டியிருக்கும், இவரை அங்கே போடுவார்கள், நான் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். என் எல்லைப் பிரச்சினை அவ்வளவுதான். பேப்பரில் எல்லைச் செய்தி வந்தால் ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்து முடித்ததும் அதையே கிழித்து விதை மடித்து வைப்பேன்.

திருப்பதியில் நாங்கள் இருந்தது மூன்று குடித்தனம் சேர்ந்த ஒரு வீடு. முன்பக்கம் வீட்டுக்காரம்மா. தெலுங்குக்காரி, தமிழும் பேசுவாள், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவாள். முற்றத்தில் அவளுடைய பெரிய செம்பு அண்டா ஒன்று அடுப்பேறி இருக்கும். மூன்று குடித்தனத்துக்கும் வெந்நீர் அதில்தான். வீட்டில் தேங்காய் உடைத்தால் கொட்டாங்குச்சியை அடுப்புக்குப் பக்கத்துக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் அந்தச் சட்டத்தை மீறினேன். கொட்டாங்குச்சியின் கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடிய ஓட்டை தயார். அதில் மண்ணும் பழைய சாணியும் போட்டு மிளகாய், கத்தரி, தக்காளி என்று விதைத்து மதில் ஓரமாக வரிசை கட்டினேன்.

ஒரு நாள் அவள் கூடையையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏமி அம்மாயி, கொட்டாங்குச்சியெல்லாம் இங்க குந்திக்கினு கீது. உங்க சுட்டாலு வந்தா வெந்நீரு எத வெச்சி காய வெக்கறது?"

சுட்டாலு என்றால் உறவுக்காரர்கள். வந்து குளிப்பது என் உறவுக்காரர்கள்தான். மறுநாளிலிருந்து கொட்டாங்குச்சி கூடைக்கே போனது.

அடுத்தது தொன்னை. மலையிலிருந்து புளியோதரையும் பொங்கலும் தொன்னையில் வரும். பிரசாதம் வந்த இலையைக் கால் படுகிற இடத்தில் போடக் கூடாது. அதனால் மூன்று குடித்தனத்திலும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மாடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தனையும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தோஷம். தொன்னையில் மண் போட்டு விதைத்தால், நாற்றை எடுத்து நடும்போது இலையோடு வைத்துவிடலாம், தானே மக்கிவிடும். இவ்வளவு புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று நானே வியந்துகொண்டேன்.

அந்த வியப்பு ஒரு நாள்தான் நீடித்தது. தொன்னையைக் கழுவினால் ஒட்டியிருக்கும் பருக்கையும் நெய்யும் சாக்கடைக்குப் போகும். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு மனசு வராது. அதனால் நான் கழுவாமலே மண்ணைப் போட்டேன். மறுநாள் காலையில் மதில் தெரியவில்லை, எறும்பு தெரிந்தது. நெய்க்கு வந்தவை நெய்யோடு நிறுத்திக்கொள்ளாமல் கீரை விதை, கத்தரி விதை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயின. விட்டேனா? அடுத்த தடவை தொன்னையைக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். எறும்பு அங்கேயும் வந்தது.

"சாமி பிரசாதம் கதா, அதுக்கும் பங்கு கீது," என்றாள் வீட்டுக்காரம்மா. அவள் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்படிக் கொட்டாங்குச்சியும் போய், தொன்னையும் போய், கடைசியில் காகிதத்துக்கு வந்து சேர்ந்தேன். இவர் ஆபீசில் எழுதிக் கெட்டுப்போன காகிதங்களை வீட்டுக்குக் கொண்டு வருவார். நல்ல தடிமன். அப்பளக் குழவியில் மூன்று தாளைச் சேர்த்துச் சுற்றி, சோற்றுக் கஞ்சியால் ஒட்டி, அடியை மடித்துவிட்டால் குழல் ஆகிவிடும். தண்ணீரில் ஊறிக் கிழியாமல் இருக்க, சாமி விளக்கில் தங்கும் எண்ணெய்க் கசடை வெளிப்புறம் தடவுவேன். ஓட்டை விழுந்த பழைய முறத்தில் இருபது குழலை நெருக்கமாக நிறுத்தினால் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். அரிசி கழுவிய தண்ணீர், காபிச் சக்கை, இடித்த முட்டை ஓடு. வேறு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

"கெவுருமெண்டு பேப்பருக்கு எண்ண தேய்ச்சி குளிப்பாட்டறா," என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது என்று ஒருவழியாக முடிவானது அப்போதுதான். அந்த ஐப்பசியில் இவர் ஆபீசுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தப் பக்கம் போக விருப்பமுள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஆப்ஷன் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை இவரை உட்காரவைத்து எழுத வைத்தேன். உண்மையில் பேனாவுக்கு மையும் நான்தான் ஊற்றினேன். இங்கிலீஷில் அழகாக எழுதி, கடைசியில் நீளமாக வால் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் எட்டாவது வரை படித்தவள், திருத்தணி என்ற பேரை அதில் தேடிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

"ஹெட் கிளார்க்கு லீவுல கீறாரு. வந்ததும் குடுத்துடறேன்," என்று ஷெல்பில் வைத்தார்.

அந்த வாரமே பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். பிழிந்த மூடியிலிருந்து கை நிறைய விதை விழுந்தது. எலுமிச்சை விதையைக் காய விடக் கூடாது. வழுவழுப்புப் போகச் சாம்பலில் புரட்டி உடனே ஊன்றிவிட வேண்டும். விருந்தாளிகள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்க, கைக்கு வந்த காகிதத்தை எடுத்து மளமளவென்று குழல் சுருட்டி விதைத்து முடித்தேன்.

மாதம் முடிந்த அன்று கேட்டேன். "குடுத்துட்டீங்களா?"

"ம்," என்றார்.

சீக்கிரம் எலுமிச்சைக் கன்றோடு வந்துவிடுவோம் என்று அம்மாவுக்குக் கார்டு போட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்த் தபால்காரர்தான் படித்துக் காட்டுவார், அவள் சொல்லச் சொல்ல பதிலும் எழுதுவார். பதில் வந்தது. கொல்லையில் எலுமிச்சைக்குக் குழி வெட்டியாகிவிட்டது, தினம் கூட்டுகிற குப்பையும் சாணியும் சாம்பலும் அதில்தான் போடுகிறேன், நீ வருவதற்குள் நன்றாக மக்கிவிடும் என்று எழுதியிருந்தது. மாட்டையும் கிணற்றையும் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தவள், நான் வருவதற்குக் குழி வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

முளைத்த எலுமிச்சையில் உருப்படியாகத் தேறியது ஒன்றுதான். மற்றவை சிலது அழுகின, சிலதை வந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒன்றை அம்மாவின் குழிக்கு என்று முறத்தின் நடுவில் வைத்துக் காவல் காத்தேன். மார்கழி போனது, தை போனது. பங்குனியில் ஆர்டர் வந்தது. இவர் ஆபீசில் இரண்டு பேருக்கு வந்தது. இவருக்கு வரவில்லை.

அரசாங்கத்தை நான் திட்டிய திட்டு கொஞ்சம் நஞ்சமில்லை. "போய்க் கேளுங்க, எழுதிப் போட்டது இன்னா ஆச்சின்னு கேளுங்க," என்று இவரைப் பிடுங்கினேன். கேட்கிறேன், கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வெயிலில் எலுமிச்சையின் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. வேருக்கு இடம் போதவில்லை. கிருஷ்ணாயில் டின்னுக்கு மாற்றலாம் என்று குழலை எடுத்து வெளித்தாளை உரித்தேன். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுத்துப்போயிருந்த அது பிசுபிசுவென்று வந்துவிட்டது. அடியில் இருந்த இரண்டாவது தாள் அவ்வளவு கெடவில்லை. இங்கிலீஷ் எழுத்து. நடுவில் திருத்தணி. கீழே நீளமாக ஒரு வால்.

கையில் செடியோடு அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். அரசாங்கத்தின் மேல் தப்பில்லை, ஆபீசின் மேல் தப்பில்லை. அங்கே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான், அந்த விண்ணப்பத்துக்கு எண்ணெய் தடவி விதை போட்டவளும் நானே. இவர் பாவம், வேறு ஏதோ காகிதத்தை உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார், திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் குழியை நினைத்ததும் அழுகை வந்தது. வீட்டுக்காரம்மா என்ன என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கினேன் என்றேன். கையில் எலுமிச்சைக் கன்று இருந்தது, அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் இவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தாளை நீட்டினேன்.

"நான் தான் கெடுத்துட்டேன். ஷெல்புல இருந்தத பாக்காம சுருட்டிட்டேன்."

இவர் தாளை வாங்கவில்லை. கொடியில் சட்டையை மாட்டினார், அதன் மடிப்பை இரண்டு தடவை நீவினார்.

"தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"மாசக் கடைசியில எடுத்துக்கினு போலாம்னு தேடினேன். காணோம். மொறத்த பாத்தா ஒரு கொழல் வாயில, உள்தாளு ஓரத்துல என் கையெழுத்து வாலு நீட்டிக்கினு கீது. மொளச்சி ரெண்டு எல வுட்டிருந்திச்சி. அத போய் எப்டி புடுங்கறது?"

"ஒரு செடிய காப்பாத்தவா சும்மா இருந்தீங்க? பேப்பருக்கு இன்னா பஞ்சம்? பத்து நிமிசத்துல வேற எழுதலாமே."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்க ஊருக்கு வந்தா நான் மாப்ள. எத்தினி வருசம் ஆனாலும் மாப்ள தான். இங்க நான் ஒரு மனுசன் மே."

நான் இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. என் அம்மா தினம் குப்பை கொட்டி நிரப்புகிற குழி இவர் கண்ணில் படவே இல்லையா என்று ஆத்திரமாக இருந்தது. ஐந்து மாதம் 'ம்' என்ற ஒற்றை எழுத்தை நம்பி உட்கார்ந்திருந்தேனே என்று அவமானமாகவும் இருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது மனசு வேறு பக்கம் போனது. அம்மா வீட்டுக்குப் போனால் இவர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியை இவருக்குப் போடுவார்கள். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைக்கப் போனாலும் மாப்பிள்ளை கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, யாராவது பேசினால் சிரித்துக்கொண்டு, சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். திருப்பதியில் இவர் தெருமுனை வரை போய் வர ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை பேர் நிறுத்திப் பேசுவார்கள், தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை எடுத்து யோசிக்கத்தான் எனக்கு நேரம் இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. இவர் தானாகவே மேஜையை இழுத்துப் போட்டு, புதுத் தாள் எடுத்து வைத்து, பேனாவுக்குத் தானே மை ஊற்றினார்.

"இப்ப எழுதிப் போட்டாலும் எடுத்துக்குவாங்களாம். கேட்டுக்கினு வந்தேன். எழுதட்டுமா?"

பொய்யாகக் கேட்கவில்லை. நான் சரி என்றால் எழுதியிருப்பார், வால் இழுத்துக் கையெழுத்தும் போட்டிருப்பார். திருத்தணிக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் இருப்பார். இவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைப்பதற்கு ஒரு வார்த்தைதான் மீதி இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பேப்பர வீணாக்காதீங்க," என்றேன்.

வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கடப்பாரை கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். முற்றத்தின் மூலையில், அண்டா அடுப்புக்கு எட்டாத இடமாகப் பார்த்து, நானே தோண்டினேன். இவர் வாங்கிக்கொள்ள வந்தபோது தரவில்லை, அவ்வளவு சீக்கிரம் கோபம் தீர்ந்துவிடுமா என்ன. அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்னும் என்னிடம் மிச்சமிருக்கிறது. குழியில் மக்கிப்போன தொன்னைகளைப் போட்டேன், அடுப்புச் சாம்பலைப் போட்டேன். கையெழுத்துத் தாளைக் கிழிக்காமல் மறுபடி வேரில் சுற்றி அப்படியே இறக்கினேன். அரிசி கழுவிய தண்ணீரை இவர் கொண்டு வந்து ஊற்றினார். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே அம்மாவுக்குக் கார்டு எழுதினேன். ஆபீஸ், ஆர்டர், ஆப்ஷன் எதையும் எழுதவில்லை. சுகம் என்று எழுதி, அதற்குக் கீழே, எலுமிச்சையை இங்கேயே தரையில் நட்டுவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். கொல்லையில் நின்று நான் போட்ட சபதம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தேவையில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் கையெழுத்து கோணல் மாணலாக இருந்தது. வார்த்தை மட்டும் அம்மாவுடையது. "கன்னுக்கு முள்ளு வை, ஆடு கடிச்சிடப் போகுது. இங்க வெட்டின குழிய காலியா வுடல. பூசணி வெத போட்டுட்டேன்."

கார்டு தடிமனாக, குழல் சுருட்டத் தோதாகத்தான் இருந்தது. நான் அதைச் சுருட்டவில்லை.